தவமணி சொல்லாமல் வைத்த செய்தி

2003ஆம் ஆண்டு நவம்பர் பதினைந்தாந் திகதி சனிக்கிழமை, காலை பத்தரை மணியளவில், ரொறன்ரோவின் வடகிழக்கே மில்லிக்கனில் ஸ்ரீல்ஸ் வீதியோரத்துப் பிளாசா ஒன்றிலிருந்த தமிழ்ப் பலசரக்குக் கடையின் வாசலில் தியாகலிங்கம் தவமணியை முதன்முதலாகச் சந்தித்தார். கடைக் கதவுக்கு உட்புறம் இலவச வாரப் பத்திரிகைகள் இடுப்பளவுக்கு அடுக்கப்பட்டிருந்தன. தியாகலிங்கம் வழக்கம்போல ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பக்கத்தில் நின்ற பெண்ணோ ஒரே ஒரு பத்திரிகையை எடுத்து, முன்பக்கத்தைப் பாராமலே கடைசிப் பக்கங்களைப் பிரித்து, மரண அறிவித்தல்களை நின்ற நிலையிலேயே வாசிக்கத் தொடங்கினார்.

“தங்கச்சி, உயிரோடை இருக்கிற ஆக்களும் உலகத்தில கொஞ்சம் இருக்கினம். முன்பக்கத்தையும் ஒருக்காப் பாருங்கோ” என்றார் தியாகலிங்கம்.

அந்தப் பெண் நிமிரவில்லை. “முன்பக்கத்தில இருக்கிறவை என்னைத் தேடமாட்டினம், அண்ணை. பின்பக்கத்தில இருக்கிறவையின்ரை வீட்டுக்கு நான் போகோணும்.”

விசாரித்தபோது இருவரும் வலிகாமத்தில் ஒரே ஊரவர்கள் என்பது தெரியவந்தது. அன்றும் தவமணி ஒரு செத்தவீட்டுக்கு வந்த வழியிலேதான் அந்தக் கடைக்குள் நுழைந்திருந்தார்.

தவமணி 1989இல் கனடாவுக்கு வந்தவர். வந்த காலந்தொட்டுச் சென் ஜேம்ஸ் ரவுணில், மாடிக் கட்டடம் ஒன்றின் பதினோராந் தளத்திலேயே குடியிருந்தார். கணவர் சில ஆண்டுகளில் இறந்துபோனார்; பிள்ளைகள் இல்லை. விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் கம்பனியொன்றில் பின்னேர வேலை. அகதிகளாக வந்தவர்கள் ஓர் அறைக்குள் நால்வர் ஐவராக இருந்த அந்தத் தொடக்க காலத்தில், அத்தளத்தில் தொலைபேசி இணைப்பு நிலையாக இருந்தது தவமணியின் வீட்டில் மாத்திரந்தான். ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்தால் அவரே போய்க் கதவைத் தட்டவேண்டியிருந்தது. அந்த வேலைக்கு அவர் தமக்கென்று ஒரு முறையை வகுத்துக்கொண்டார். வாசலில் நின்று சொல்வதில்லை. உள்ளே போய் இருந்து, “சாப்பிட்டாச்சோ?” என்று முதலில் கேட்பார். இல்லையென்றால் சாப்பிடும்வரை வேறு கதை கதைத்துக்கொண்டிருப்பார். செய்தி காதில் விழுந்தபின் அன்று அந்த மனிதர் சாப்பிடமாட்டார் என்பது அவருக்குத் தெரியும்.

பத்திரிகைகள் ஒவ்வொன்றாக மெலிந்து, கைத்தொலைபேசிகள் எல்லோர் கைக்கும் வந்தபோது, ஊர் ஒன்றியத்தின் ரொறன்ரோக் கிளை வட்சப்பில் ஒரு குழுவைத் தொடங்கிற்று. அதை நடத்தும் பொறுப்பு, ஒருவரும் முன்மொழியாமலே, தவமணியிடம் வந்து சேர்ந்தது. நானூறு பேர் இருந்த அக்குழுவில் செய்தி இடக்கூடியவர் அவர் ஒருவரே. யார் எதைத் தமக்கு அனுப்பினாலும் இரண்டு இடங்களுக்கு அழைத்து விசாரித்த பின்னரே போடுவார். ஆதலால் மற்றக் குழுக்களில் உயிரோடிருப்பவர்கள் இறந்தும், இறந்தவர்கள் இன்னுமொருமுறை இறந்துமிருக்க, இந்தக் குழுவில் வந்த செய்தியை மட்டும் மறுத்துக் கதைக்க இடமிருக்கவில்லை.

தியாகலிங்கத்தின் பழக்கம் எதிர்த்திசையில் வளர்ந்தது. முன்பு வெள்ளி, சனியில் பத்திரிகைகள், பின்னேரம் ஆறு மணிக்குத் தொலைக்காட்சி என்று அளவோடு செய்தி பார்த்தவர், காப்புறுதிக் கம்பனியின் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வுபெற்று ஸ்ரௌவ்வில்லில் புதுவீட்டுக்குக் குடிபோன பின், விடிய ஐந்து மணிக்கு எழும்பித் தேநீரும் தொலைபேசியுமாகச் சமையலறை மேசையில் இருக்கத் தொடங்கினார். கொழும்பு, சென்னை, லண்டன், ஒட்டாவா என்று ஒரு சுற்று முடியும்போது முதலில் பார்த்தது பழசாகியிருக்கும், மறுபடி தொடங்குவார். முகநூலில் கனடாவுக்குச் செய்தி இணைப்புகள் வராமற்போன அந்த 2023 ஓகஸ்டில், வீட்டில் ஏதோ குழாய் அடைபட்டதுபோல அவர் இரண்டு நாள் அலைந்து, யூரியூப்பில் வேறு வழி கண்டுபிடித்தார்.

“உக்ரேனில என்ன வெடிச்சதெண்டு உங்களுக்குத் தெரியும். அடுப்பில பால் பொங்கிறது தெரியாது” என்பார் மனைவி புஸ்பராணி.

அதே மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மகள் லக்சிகாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளையின் தகப்பன் தம்பிமுத்து மட்டக்களப்பைச் சேர்ந்தவர். மில்லிக்கனில் நெடுங்காலமாக வசிப்பவர். பழகுவதற்கு இனிமையானவர், ஆனால் ஆசாரத்தில் ஓர் அணுவும் விலகாதவர். மண்டபம் பேசியபோதே, “மற்றதெல்லாம் புள்ளையளிர விருப்பம். நாளும் துடக்கும் மட்டும் நான் பாக்கிறன்” என்று சொல்லிவைத்திருந்தார்.

கலியாணத்துக்கு முந்திய வியாழக்கிழமை, விடிய ஐந்து மணி தாண்டிச் சிறிது நேரத்தில், தியாகலிங்கத்தின் தொலைபேசியில் ஒன்றியக் குழுவின் செய்தியொன்று வந்தது. அவர் உடனே திறந்தார்.

“தியாகலிங்கம் அண்ணையின் சித்தப்பா ஊரில் காலமானார். ஞாயிற்றுக்கிழமை தாலி கட்டி முடியும்வரை அண்ணையின் காதில் ஒருவரும் போடவேண்டாம். படமோ செய்தியோ எங்கும் பகிரவேண்டாம். தவமணி.”

அவர் இரண்டாந்தரம் வாசித்துக்கொண்டிருக்கையிலேயே எழுத்துகள் மறைந்து, இந்தச் செய்தி அழிக்கப்பட்டது என்ற வரி அவ்விடத்தில் வந்து நின்றது.

நடந்ததை ஊகிக்க அவருக்கு நேரம் பிடிக்கவில்லை. தம்மை விலக்கி மற்றவர்களுக்கென்று தவமணி வேறொரு குழுவை அமைத்திருக்கவேண்டும்; அதில் இடவேண்டியதை, பழக்க தோசத்தில், தாம் இருக்கும் பழைய குழுவில் இட்டுவிட்டு, உடனே அழித்திருக்கவேண்டும். விடியப்புறம் ஐந்து மணிக்கு அதைப் பார்த்திருக்கக்கூடியவர் ரொறன்ரோவில் தாம் ஒருவராகவே இருக்கலாம் என்றும் அவருக்குத் தோன்றியது.

சித்தப்பா தகப்பனின் கூடப்பிறந்த தம்பி. தகப்பன் இல்லாத வீட்டுக்குத் தகப்பனாக இருந்தவர். தந்தை வழியில் இவ்வளவு நெருங்கிய சாவென்றால் முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. அந்த நாள்களில் கலியாணம் செய்வதில்லை. மகளின் கையைப் பிடித்துத் தாரை வார்க்கும் தகுதி தகப்பனுக்கு இல்லை. ஆனால் வழக்கத்தில் ஒரு வாசலும் உண்டு. செய்தி காதில் விழுந்த கணத்திலிருந்தே துடக்கு, விழாதவனுக்கு இல்லை. அதனாலேயே கலியாண வீட்டுக்காரருக்குச் சாவுச் செய்தியைத் தாலி கட்டி முடியும்வரை சொல்லாமல் வைத்திருப்பது ஊரில் தொன்றுதொட்டு உள்ள ஒழுங்கு. கடிதமும் தந்தியும் இருந்த காலத்தில் அதைச் செய்வது எளிதாக இருந்தது. செய்தி ஒருவர் கையில் வரும். அவர் வாயை மூடினால் போதும்.

புஸ்பராணி மாடியிலிருந்து இறங்கி வந்தார். “என்னப்பா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?”

“ஒண்டுமில்லை.”

“ஆர் செத்தது?”

தியாகலிங்கம் திடுக்கிட்டுப் பார்த்தார்.

“இல்லை, விடிய உதைக் கையில வைச்சுக்கொண்டு ஆரேன் ஒரு பிரதமருக்கு அழுவியள். அதுதான் கேட்டனான்” என்று சொல்லிக்கொண்டே புஸ்பராணி தேநீர்ச் சட்டியை எடுத்தார்.

அந்த ஒரு நிமிடத்தில் அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் மண்டபமும் சமையலும் மட்டுமல்ல, கலியாணமே நின்றுபோகும். நின்ற கலியாணம் தம்பிமுத்துவின் வீட்டில் மறுபடி எந்த ராசியில் பேசப்படும் என்பதை ஒருவரும் அறியார். அவர் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார். சிறிது நேரத்தின் பின், தேநீர் நன்றாயிருக்கிறது என்றார்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன்னுருக்கு நடந்தது. தியாகலிங்கம் பட்டுவேட்டியுடன் போய், உருகும் பொன்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். குழுவில் ஒரு செய்தியும் வரவில்லை. மரண அறிவித்தல் இணையத்தளங்களிலும் இல்லை. ஒருவரும் அவரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தவில்லை. எல்லோருக்கும் தெரிந்து தம்மிடம் மறைக்கிறார்கள் என்று எதிர்பார்த்திருந்தவருக்கு, எவருக்கும் தெரியாதென்றே தோன்றிற்று. அது அவருக்கு ஆறுதலாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. எண்பத்தேழு வயதுவரை ஊருக்காக ஓடிய மனிதனின் சாவு இவ்வளவு சத்தமின்றியா போவது?

சனிக்கிழமை விடிய ஐந்தரைக்கு, ஊரிலே பிற்பகல் மூன்று மணி. தியாகலிங்கம் கராஜுக்குள் போய், காரின் முன்னிருக்கையில் இருந்து, கதவைச் சாத்திக்கொண்டார். சித்தப்பாவின் பெயரைத் தட்டித் தேடியபோது நேரலை அகப்பட்டது. இப்போது ஊரில் எந்தச் செத்தவீட்டுக்கும் படம்பிடிப்பவர் வந்து, உலகெங்குமுள்ள உறவினருக்காக நேரலையில் விடுவார். சித்தப்பாவின் முகம் சற்று வீங்கியிருந்தது. மகள் ஜெயமலர் தலைமாட்டில் இருந்து அழுதுகொண்டிருந்தார். திரையின் மூலையில் பார்ப்பவர் தொகை பதினொன்று என்று காட்டிற்று. சாதாரணமாக முந்நூறு நானூறு இருக்கும். தியாகலிங்கம் சத்தத்தைக் குறைத்து, பெட்டி மூடும்வரை பார்த்தார். பிறகு உள்ளே போய் முகங்கழுவினார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் தாரை வார்த்தார். அன்று மாலை, விருந்தினர் எல்லோரும் போனபின், தவமணி தொலைபேசியில் அழைத்தார்.

“அண்ணை, சாப்பிட்டாச்சோ?”

“ஓம், சாப்பிட்டன்.”

“அக்கா பக்கத்தில நிக்கிறாவோ?”

“நிக்கிறா. என்ன விசயம், சொல்லுங்கோ.”

தவமணி சொன்னார். தியாகலிங்கம் தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு வாய்விட்டு அழுதார். அந்த அழுகையில் நடிப்பு இல்லை. வியாழக்கிழமையிலிருந்து தேங்கி நின்றது அது. புஸ்பராணியும் பிள்ளைகளும் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள். அன்றே முழுகித் துடக்குக் காக்கத் தொடங்கினார். ஏறக்குறைய அதே வேளையில் ஒன்றியக் குழுவிலும் அறிவித்தல் வந்தது. தம்பிமுத்து வீடு தேடி வந்து கையைப் பிடித்தார்.

“அண்ணன், உங்களுக்குத் தெரியாம இருந்தது கடவுள் செயல். தெரிஞ்சிருந்தா, மறுகா நான் இந்தக் கலியாணத்த நடத்த விட்டிருக்கமாட்டன். என்ர புள்ளையெண்டாலும் விட்டிருக்கமாட்டன்.”

“ஓம்” என்றார் தியாகலிங்கம். “எனக்கு ஒருதரும் சொல்லேல்லை.”

அந்த வசனத்தை அவர் முதலில் சொன்னது அப்போதுதான். பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னார். சொல்லச் சொல்ல அது வாய்க்குப் பழகிப்போயிற்று.

ஒக்டோபரில் ஒன்றியத்தின் பொதுக்கூட்டம் ஸ்காபரோவில் ஒரு நூலகத்தின் கூட்ட அறையில் நடந்தது. சாப்பாடும் உண்டென்பதால் தியாகலிங்கம் சம்பந்தியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். கணக்கறிக்கை முடிந்ததும், தலைவர், சித்தப்பாவின் மகள் ஜெயமலர் ஊரிலிருந்து அனுப்பிய குரற்பதிவு ஒன்றிருப்பதாகச் சொல்லி, தொலைபேசியை ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் பிடித்தார்.

“தியாகு அண்ணைக்குச் சொல்லவேண்டாமெண்டு தவமணி அக்கா கேட்டவ. நாங்கள் ஓமெண்டனாங்கள். அது வழமைதானே. ஆனா ஊருக்கே சொல்லவேண்டாமெண்டோ நாங்கள் சொன்னனாங்கள்? என்ரை அப்பாவின்ரை செத்தவீட்டை லைவ்வில பதினொரு பேர் பார்த்தவை. பதினொரு பேர். அந்தாள் இந்த ஒன்றியத்துக்கு எவ்வளவு செய்தது. ஒரு குடும்பத்தின்ரை கலியாணத்துக்காக எங்கடை அப்பாவை ஒளிச்சு வைச்சு அனுப்பினியள்.”

அறையில் சிலர் தலையாட்டினர். தலைவர் தவமணியைப் பார்த்தார். “அக்கா, அவருக்கு மட்டும் தெரியாமல் வேறை குழுவில போட்டிருக்கலாம்தானே? ஏன் ஒருதருக்கும் போடேல்லை?”

மூன்றாம் வரிசையிலிருந்த தவமணி எழுந்து நின்றார். “போடத்தான் வெளிக்கிட்டனான். பேந்து வேண்டாமெண்டு விட்டிட்டன்.”

“ஏன் விட்டனீங்கள்?”

“அது என்ரை முடிவு.”

“நானூறு பேரின்ரை செய்தியை நீங்கள் ஒராள் மறிக்க ஆர் அதிகாரம் தந்தது?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

“ஒருதரும் தரேல்லை. பிழை என்ரைதான்.”

தம்பிமுத்து தியாகலிங்கத்தின் காதுக்குள் குனிந்தார். “பாவம் மனிசி. உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கா. நீங்க ஒரு வார்த்த சொல்லலாமே?”

தியாகலிங்கம் எழுந்தார். தவமணி நல்லெண்ணத்திலேயே செய்தார் என்றும், தமக்கு எதுவும் தெரியாதென்றும் சொல்லி, நடந்ததை மறந்துவிடும்படி கேட்டுவிட்டு அமர்ந்தார். அது தவமணிக்கு உதவவில்லை. குழுவின் பொறுப்பு அன்றே அபிஷன் என்ற இளைஞனுக்கு மாற்றப்பட்டது. எவரும் எதையும் இடலாம் என்று அவன் குழுவைத் திறந்துவிட்டான். மாதம் முடிவதற்குள், அறுபதாம் பிறந்தநாள் கொண்டாடிய ஒருவருடைய மாலைபோட்ட படத்தின் கீழே இருபத்து மூன்று பேர் ஆத்மா சாந்திக்குப் பிரார்த்தித்திருந்தார்கள். வந்து குவிந்த செய்திகளைத் தியாகலிங்கம் முதலில் வாசித்தார். பிறகு மேலோட்டமாகத் தள்ளினார். பிறகு குழுவின் சத்தத்தை நிறுத்திவிட்டார்.

டிசம்பரில் ஒருநாள், கலியாணத்துக்கு வந்தவர்களுக்கு நன்றிச் செய்தியும் படங்களும் அனுப்பவேண்டுமென்று புஸ்பராணி கேட்க, மகன் ஜெனோசன் தகப்பனின் தொலைபேசியில் அதைச் செய்துகொடுத்தான்.

“Appa, see, இந்த மெசேஜை அமத்திப் பிடிச்சு, இஞ்சை info எண்டதை அமத்துங்கோ. ஆர் ஆர் read பண்ணினவை எண்டு பேரோடை காட்டும்.”

“பேரோடையோ?”

“ஓம். Sender-க்கு மட்டும்தான். இப்ப பாருங்கோ, மாமா பார்த்திட்டார். But no reply. Typical.”

தியாகலிங்கம் மகனின் கையிலிருந்து தொலைபேசியை வாங்கி, அந்தப் பெயர்களை நெடுநேரம் பார்த்தார். பத்து வருடமாக நாள்தோறும் விடியப்புறத்தில் செய்தி வாசித்தவர். தாம் வாசிப்பதை எழுதியவர் காணமுடியும் என்பதை அன்றுவரை அறிந்திருக்கவில்லை. தவமணி அழிப்பதற்குமுன் பார்த்திருப்பார். இரண்டு இடத்தில் விசாரிக்காமல் ஒன்றும் செய்யாதவர் அதையும் பாராமல் விட்டிருக்கமாட்டார். பார்த்தபோது அங்கே இருந்த பெயர் எது என்பதில் ஐயமில்லை. மற்றவர்களுக்கு ஏன் சொல்லாமல் விட்டார் என்பதும் அப்போதுதான் அவருக்கு விளங்கிற்று. நாலு பேருக்குத் தெரிந்தால் நாலு பேரில் ஒருவர் பொன்னுருக்கில் வந்து கையைப் பிடிப்பார். பிடித்தால் தெரியாததுபோல நிற்க இவரால் முடியாது. ஒருவருக்கும் தெரியாவிட்டால், இவர் தெரியாதவராகவே இருந்துகொள்ளலாம். இவருக்கு அந்த இடத்தை ஒதுக்கிக் கொடுப்பதற்காகவே சித்தப்பாவின் சாவு சத்தமின்றிப் போயிருக்கிறது.

அடுத்த ஞாயிறு அவர் சென் ஜேம்ஸ் ரவுணுக்குப் போனார். தவமணி கதவைத் திறந்து, வியப்பொன்றும் காட்டாமல் உள்ளே கூப்பிட்டார். மேசையில் ஒரு பழைய வானொலி தாழ்ந்த சத்தத்தில் பாடிக்கொண்டிருந்தது.

“தங்கச்சி, அந்த வியாழக்கிழமை விடிய…” என்று தொடங்கினார் தியாகலிங்கம்.

“தேத்தண்ணிக்குச் சீனி போடுறனீங்களோ, விட்டிட்டியளோ?”

“அரைக் கரண்டி போடுங்கோ. நான் என்ன சொல்ல வந்தனானெண்டா…”

“லக்சிகா எப்பிடி இருக்கிறா?”

“சுகமாயிருக்கிறா. மூண்டு மாதம்.”

தவமணி கேத்தலை வைத்துவிட்டுத் திரும்பினார். “சம்பந்தி வீட்டில தெரியுமோ?”

“தெரியும். தம்பிமுத்து அண்ணைக்குத் தலைகால் தெரியேல்லை. ஒவ்வொரு வெள்ளியும் கோயிலுக்குப் போறார்.”

“அப்ப இப்ப வாய் திறவாதேங்கோ” என்றார் தவமணி. “அந்தப் பிள்ளைக்கு ஒரு தடிமன் காய்ச்சல் வந்தாலும் உங்கடை துடக்கிலதான் கொண்டுவந்து முடிப்பினம். தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ.”

தியாகலிங்கம் குடித்தார். கண்ணாடி யன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் பால்கனிகளில் பனி படிந்திருந்தது. தாம் கொண்டுவந்ததை இறக்கிவைக்காமலே திரும்பிப் போக அனுமதி கிடைத்ததில் அவருக்கு ஏற்பட்ட நிம்மதியை, காரில் ஏறியபின்னரே அவர் உணர்ந்தார். அது தமக்குப் பிடிக்கவில்லை என்பதையும் உணர்ந்தார்.

குழந்தை கோடையில் பிறந்தது. பெண், கொழுகொழுவென்றிருந்தாள். பேத்தியைத் தூக்கிய நாளிலிருந்து தம்பிமுத்துவின் ஆசாரமும் ஒருபடி இறங்கிற்று. தொட்டிலுக்குப் பக்கத்தில் செருப்போடு வந்த படம்பிடிப்பவனைக்கூட அவர் ஏசவில்லை. இனி எது வெளிவந்தாலும் லக்சிகாவின் தலையில் ஒன்றும் விழாதென்று தியாகலிங்கத்துக்குத் தெரிந்தது. ஜெயமலர் மட்டும் தவமணியோடு இன்னும் பேசுவதில்லை; தவமணியின் அழைப்பை எடுப்பதுமில்லை.

அந்த ஒக்டோபரிலும் அதே நூலகத்தில் பொதுக்கூட்டம் நடந்தது. நிகழ்ச்சி நிரலின் இறுதியில் தலைவர், “வேறை ஆரும் ஏதும் கதைக்க இருக்கோ?” என்று கேட்டார். தியாகலிங்கத்தின் கை முழங்காலிலிருந்து சற்று எழும்பியது. தவமணி சில கதிரைகள் தள்ளி இருந்தார். இந்தப் பக்கம் திரும்பவில்லை. தலைவர் மற்றொருமுறை கேட்டார். தியாகலிங்கம் சட்டைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்து, ஏதோ வந்திருப்பதுபோலப் பார்த்தார். கூட்டம் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது.

வாசலில் தவமணி அவருக்காகக் காத்து நின்றார். தியாகலிங்கம் நடையைத் தளர்த்தினார்.

“அண்ணை, வார்டன் சப்வே ஸ்ரேசன் மட்டும் என்னை இறக்கிவிடுவியளோ? பஸ் இப்பத்தான் போட்டுது.”

“ஏன் சப்வே, வீட்டடியில கொண்டுபோய் விடுறன்.”

“வேண்டாம். நீங்கள் திரும்பி ஸ்ரௌவ்வில் போகோணும். சப்வே காணும்.”

வழிநெடுகத் தவமணி பேத்தியின் பல் முளைப்பதைப் பற்றியும், சளிக்குக் கொடுக்கவேண்டிய கைமருந்தைப் பற்றியும் கதைத்துக்கொண்டு வந்தார். சப்வே வாசலில் இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தி, கையசைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். சபையில் ஒரேயொரு வசனம், “நான் பார்த்தனான்” என்பது, தியாகலிங்கம் அவருக்குக் கொடுக்கவேண்டியதாக இருந்தது. தவமணி அதை அன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை.